சோக் இழுத்தால்தான் ஓடும் சிடி 200

கேள்வி: என் அப்பாவின் ஹொண்டா சிடி 200 மோட்டார் சைக்கிளை 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் விறாந்தையில் நிறுத்தி வைத்தோம். அப்பா காலமான பிறகு யாரும் தொடவில்லை. அண்மையில்தான் வெளியே எடுத்தேன். ரேங்கில் கொஞ்சம் பழைய பெற்றோல் கிடந்தது, அதன்மேலேயே புதிதும் ஊற்றினேன். சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் திறந்தால் அணைகிறது. எப்படியோ ஓட்டிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போனால் சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். இரவில் காபரேட்டருக்கு அடியில் பெற்றோல் சொட்டுகிறது. கராஜில் காட்டினேன். "காபரேட்டர் முடிஞ்சுது, புதுசு போடுங்கோ" என்கிறார்கள். போடலாமா? 95 ஒக்டேன் ஊற்றினால் சரியாகுமா? ஓரளவு கைவேலை தெரியும், சாவிகள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?
— உவர்மலை வாசகர், திருகோணமலை

பதில்: புதிய காபரேட்டர் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு குறையல்ல, மூன்று. அதில் ஒன்றுக்குக் காபரேட்டரோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். புதிதைப் பூட்டினால் முதல் வாரம் நன்றாக ஓடும். பிறகு ரேங்கில் இருக்கும் துரு அதற்குள்ளும் இறங்கி, பழைய கதை தொடங்கும்.

முதலில் சொட்டுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எஞ்சினைக் கெடுக்கக்கூடியது. காபரேட்டரில் மட்டம் மீறிய பெற்றோல் முழுவதும் வெளியே சொட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பங்கு உள்ளே போய், பிஸ்டனைத் தாண்டி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். இன்றைக்கே ஒயில் அளக்கும் குச்சியை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தாலோ, ஒயில் தண்ணீர்போல ஓடினாலோ, அளவு முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தாலோ, அந்த ஒயிலோடு இனி ஒரு கிக்கும் அடிக்க வேண்டாம். மாற்றிவிட்டு மற்ற வேலைக்கு வாருங்கள். அதுவரை வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ரேங்கின் அடியில் உள்ள பெற்றோல் டப்பை மூடுங்கள். மூடியும் சொட்டினால் டப்பும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, சோக்குக்கு வருவோம்.

சோக் என்பது காற்றை மறிக்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். காற்று மறிபட்டால் எஞ்சினின் உறிஞ்சல் பெற்றோல் துளைகள்மேல் கூடி, பெற்றோல் அதிகமாக வரும். நுவரெலியாவில் விடியற்காலை வண்டி எடுப்பவருக்கு அது கொஞ்ச நேரம் தேவைதான். திருகோணமலையில், அதுவும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், சூடேறிய எஞ்சினுக்குச் சோக் எதற்கு? எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று என்பது பெற்றோல் எஞ்சினின் பொதுக் கணக்கு. உங்கள் வண்டி சோக் இல்லாமல் அணைகிறது என்றால் அந்தக் கணக்கில் பெற்றோல் குறைகிறது. ஒன்று பெற்றோல் வரும் சிறு வழி அடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கோ களவாகக் காற்று புகுகிறது. இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுதான். கராஜில் முதலாவதை மட்டும்தான் நினைத்திருக்கிறார்கள்.

இதைப் பிரித்தறிய உங்கள் வண்டியிலேயே ஒரு வசதி உண்டு. சிடி 200க்கு இரண்டு சிலிண்டர், ஆனால் ஒரே காபரேட்டர். அதிலிருந்து போகும் குழாய் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஊட்டுகிறது. அதனால் காபரேட்டரில் குறை என்றால் இரண்டு சிலிண்டரும் ஒரேமாதிரிப் பட்டினி கிடக்க வேண்டும். சோக்கைப் பாதி இழுத்தபடி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சோக்கைத் திறந்து, அது தானாக அணையும்வரை பொறுங்கள். ஆறிய பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி, எது இடம், எது வலம் என்று குழம்பாமல் ஒரு கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானின் நுனியைப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் கலவை நல்லது. சுண்ணாம்புபோல வெளிறியிருந்தால் பெற்றோல் குறைவு. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். ஈரமாக இருந்தால் பெற்றோல் வந்தும் எரியவில்லை, பிளக்கின் தீப்பொறியில் சந்தேகப்படுங்கள்.

இரண்டும் ஒரே நிறமாக வெளிறியிருந்தால் காபரேட்டரையோ, அதை ஒட்டிய இணைப்பையோ தேடலாம். ஒன்று நல்ல நிறமாகவும் மற்றது வெளிறியோ கறுத்தோ இருந்தால் காபரேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது, ஒரே காபரேட்டர் இடப்பக்கம் ஒருமாதிரி வலப்பக்கம் இன்னொருமாதிரி ஊட்டாது. அப்போது அந்தப் பக்கத்து பிளக், அதன் தொப்பி, வயர், வால்வு இடைவெளி, அந்தப் பக்கம் குழாய் எஞ்சினில் பூட்டும் இடம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பிளக்குகளை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறையும் பக்கம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. இந்தச் சோதனைக்கு ஒரு பிளக் சாவி போதும். இதைச் செய்யாமலே காபரேட்டரைக் கழற்றிக் கையில் தருகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது பெற்றோல். பழையதன்மேல் புதியதை ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோல் ஒரு தனிப் பொருளல்ல, பல எண்ணெய்களின் கலவை. அதில் இலகுவாக ஆவியாகும் பகுதிதான் எஞ்சினை ஸ்டார்ட் ஆக்குவது. அது முதலில் பறந்துவிடும். மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து மெல்லமெல்லப் பிசினாகும். மூடியைத் திறந்து மணந்தால் தெரியும், பெற்றோலின் கூர்மையான நெடி போய், வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த வாசம் வரும். ஆண்டுக்கணக்கில் கிடந்ததோடு எவ்வளவு புதிது சேர்த்தாலும் பிசின் பிசின்தான். அத்தோடு, 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வாங்கிய காலத்துக்கு முன்னரே போத்தலில் வாங்கி ஊற்றியது என்றால் மண்ணெண்ணெய்க் கலப்பும் இருக்கலாம். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கிற ஊரில் நாங்கள் போத்தலோடு அலைந்தது வேறு கதை.

ரேங்கை முழுவதும் வடியுங்கள். வடித்ததைக் கானிலோ வளவிலோ ஊற்ற வேண்டாம், எங்கள் கரையோர மணலில் ஊற்றும் எதுவும் யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். மூடியுள்ள கன்னில் எடுத்து வைத்துப் அழுக்கான பாகங்களைக் கழுவப் பாவியுங்கள். மின்வெட்டு நேரம் மெழுகுதிரியோ குப்பி விளக்கோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடவே கூடாது. விறாந்தையை விட்டு முற்றத்துக்கு வந்து பகலில் செய்யுங்கள்.

காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சின்ன வடிகால் ஸ்குறூ இருக்கும். அதன்கீழ் ஒரு வெளிர்க் கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, ஸ்குறூவைத் தளர்த்தி, வருவதைப் பிடியுங்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், அடியில் குமிழாகத் திரண்டு, போத்தலைச் சரித்தால் தனியாக உருளும். மண்ணிறத் தூள் என்றால் ரேங்க் துரு. வெள்ளைப் பொடி என்றால் தண்ணீர் தேங்கிக் காபரேட்டரின் அலுமினியத்தையே அரித்திருக்கிறது. பச்சை படிந்திருந்தால் உள்ளே பித்தளை அரிபடுகிறது. மாரியில் ஈரக் காற்று, மற்ற மாதங்களில் உப்புக் காற்று என்று இருக்கும் ஊரில் பாதி வெறுமையாக நின்ற ரேங்கில் தண்ணீர் சேராவிட்டால்தான் ஆச்சரியம். பகலில் சூடேறி, இரவில் குளிரும்போது ரேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அந்தக் காற்றின் ஈரம் உள்சுவரில் வேர்க்கும். ரேங்கை எப்போதும் நிறைத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

துரு இருந்தால் ரேங்கைக் கழற்றி, டப்பையும் கழற்றி வாயை அடைத்து, வினாகிரி நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள். இடையிடையே குலுக்குங்கள். வடித்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு வெறும் தண்ணீரால் அலசி, உடனேயே வெயிலில் காய வைத்து, காய்ந்தவுடன் பெற்றோல் ஊற்ற வேண்டும். கழுவிய இரும்பை ஒரு இரவு சும்மா விட்டாலும் மறுநாள் காலை செம்மஞ்சளாகத்தான் இருக்கும். வினாகிரி வெளிப் பூச்சில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்துப் பெயின்ற் அல்லவா.

டப்பின் தலையில் ரேங்குக்குள் நிற்கும் சிறு வலையும் இருக்கும். அதைக் கழுவுங்கள். பூட்டிய பிறகு பெற்றோல் குழாயைக் காபரேட்டரிலிருந்து உருவி ஒரு போத்தலுக்குள் விட்டு, டப்பைத் திறந்து பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும், சொட்டுச் சொட்டாக விழக்கூடாது.

இப்போது சாம்பல்தீவுப் பாலத்துக்கு அப்பால் நிற்பதைப் பார்ப்போம். நான் முதலில் சந்தேகப்படுவது ரேங்க் மூடியை. மூடியில் ஒரு காற்றுத் துளை உண்டு. பெற்றோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலிருந்து வரவேண்டும். துளை அடைத்தால் ரேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காது. கிண்ணம் காலியானதும் வண்டி இழுவை குறைந்து நிற்கும். பத்து நிமிடத்தில் மூடியின் ஓரத்தால் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். நீங்கள் எழுதியதற்கு இது அப்படியே பொருந்துகிறது. அடுத்த தடவை நிற்கும்போது பத்து நிமிடம் காத்திருக்காதீர்கள், உடனே மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று சத்தம் கேட்டு, திறந்தவுடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் விஷயம் முடிந்தது. மூடியின் துளையைக் குத்தி, ஊதி எடுங்கள். விறாந்தையில் நெடுநாள் நின்ற வண்டியில் வேட்டுவாளிக் குளவி மண் வைத்து அடைத்திருப்பதும் வழமை. எயார் பில்டர் பெட்டியின் வாய், காபரேட்டரின் வழிவுக் குழாய், சிறு ஓட்டை எதையும் அது விட்டுவைக்காது. அவற்றையும் பாருங்கள்.

மூடியைத் திறந்தும் ஓடவில்லை, கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது என்றால், பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்து, அந்த இடத்திலேயே பொறி பாருங்கள். பொறி இல்லாவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும், சூட்டில் படுக்கும் கொயில்தான் நினைவுக்கு வரவேண்டும். ஆறியதும் அதுவும் வேலை செய்யும். அதனால்தான் காபரேட்டர் என்று ஏமாறுகிறோம். பெற்றோல் சொட்டும் வண்டியில் பொறி பார்க்கும்போது கவனம், சுற்றிவர ஈரம் துடைத்து, டப்பை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் காபரேட்டரைத் தொட வேண்டும்.

தொடுமுன் கையில் எடுக்கும் ஸ்குறூ ட்ரைவரைப் பாருங்கள். யப்பான் வண்டிகளின் சிலுவை வெட்டு ஸ்குறூக்கள் நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் வகையல்ல, ஜிஸ் என்ற யப்பான் அளவு. பல ஸ்குறூக்களின் தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி குழிந்திருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் ட்ரைவர் அதற்குள் முழுதாக உட்காராது. பலமாகத் திருப்பினால் வழுக்கி மேலே ஏறி, வெட்டைச் சப்பிவிடும். கிண்ணத்து ஸ்குறூ எல்லாம் சப்பிப்போன காபரேட்டர்கள் கராஜ்களில் ஏராளம். ஜிஸ் ட்ரைவர் கிடைக்காவிட்டால் பிலிப்ஸின் கூர் நுனியைச் சற்றுத் தேய்த்து மழுக்குங்கள், ஆழமாக உட்காரும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, ட்ரைவரின் பிடியில் இலேசாகத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்குறூவைக் கழற்றுமுன் அதை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். "மெதுவாக" என்பதைக் கவனியுங்கள். இறுக்கினால் கூர் நுனி முறிந்து துளைக்குள் நிற்கும், அல்லது துளையின் வாய் அகலும். அதன்பிறகு எந்தச் சரிபார்ப்பும் எடுபடாது.

பைலட் ஜெட் என்பது கிண்ணத்தைக் கழற்றினால் மெயின் ஜெட்டின் பக்கத்தில் சற்று உள்வாங்கி இருக்கும், பெற்றோலை அளந்து விடும் நுண்துளையுள்ள மெல்லிய பித்தளைத் துண்டு. ஐட்லிங்கும் (அக்சிலேட்டரைத் திருப்பாதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம்), அக்சிலேட்டரின் முதல் கால்வாசித் திருப்பமும் அதன் பொறுப்பு. அதற்கு மேலே, அக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் ஊசி, முழுத் திருப்பத்தில் மெயின் ஜெட். சோக்கைத் திறந்ததும் ஐட்லிங்கில் அணைகிறது, ரேஸ் கொடுத்தால் ஓரளவு ஓடுகிறது என்றால் மெயின் ஜெட்டை நோண்டுவதில் பயனில்லை. பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கெய்ஹின் ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் துளை 0.38 மில்லிமீற்றர். ஊசிமுனை அளவு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அல்லது பிறைபோல ஒரு ஓரம் மட்டும் தெரியும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பிசின்தான் உங்களைச் சோக் இழுக்க வைப்பது.

அதை எடுக்கத் தையல் ஊசி, கிட்டார் கம்பி, துவிச்சக்கரவண்டிக் கேபிள் இழை எதுவும் வேண்டாம். உருக்கு பித்தளையைச் சுரண்டும். துளை ஒரு மயிரிழை அகன்றாலே ஜெட் வேறு நம்பராகிவிடும். ஈர்க்கும் வேண்டாம், உள்ளே முறிந்தால் எடுப்பது கரைச்சல். நன்றாக வளையும் மெல்லிழை மின்சார வயரின் தோலை உரித்தால் வரும் செப்பு இழைகள் பெரும்பாலும் 0.2 மில்லிமீற்றர். அதில் ஒன்று போதும். ஜெட்டைக் காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, இழையை நுழைத்து, காற்று அடியுங்கள். மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டில் சிறு துளைகள் உண்டு, அவற்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஜெட்டைச் சுத்தம் செய்து அதோடு நிறுத்திவிடுவதுதான் நம் கராஜ்களின் பொதுவான குறை. ஜெட்டிலிருந்து எஞ்சின் பக்கம் போகும் வழி காபரேட்டரின் உடலுக்குள் துளையிட்டது, கண்ணுக்குத் தெரியாது. கிளீனர் டின்னின் குழாயை ஜெட் இருந்த துளையில் வைத்து அடியுங்கள். ஸ்லைடுக்கு அப்பால், எஞ்சின் பக்கத்துச் சின்னத் துளைகளால் பீறிட்டு வரவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளையால் முகத்துக்கு அடிக்கும் என்று சொல்ல முடியாது. ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றி ஒதுக்குங்கள், கிளீனர் பட்டால் ஊதிப்போகும்.

சொட்டுவதற்குக் காரணம் இதே கிண்ணத்தில்தான் இருக்கும். பெற்றோலில் மிதக்கும் புளோட் மேலெழும்போது அதன் நாக்கு ஊசி வால்வை இருக்கையில் அழுத்திப் பெற்றோலை மறிக்கும். ஊசியை எடுத்து அதன் ரப்பர் முனையை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். முனையைச் சுற்றி மோதிரம்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். பள்ளம் இல்லை, இருக்கையில் தூசிதான் என்றால் துடைத்தாலே போதும். புளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்டால் அது பொத்தல், பாரமாகி எழும்பாது. அப்புறம், பலர் பார்க்காத ஒன்று: கிண்ணத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் பித்தளை வழிவுக் குழாய். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் ஊசி புதிதானாலும் சொட்டும். கிண்ணத்தைத் தனியே எடுத்து, அந்தக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெற்றோல் ஊற்றி, ஒரு கடதாசியின்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். கடதாசி நனைந்திருந்தால் குறை கிண்ணத்தில். வெடிப்பை ஈயம் ஊதி அடைக்கலாம்.

ரிப்பேர் கிட் வாங்கினால் அதிலுள்ள கஸ்கெட், ரப்பர் வளையம், ஊசி வால்வு இவற்றைப் பாவியுங்கள். ஜெட்டுகளைப் பாவிப்பதற்கு முன் பழைய ஜெட்டிலுள்ள நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல கிட்டுகளில் நம்பர் வேறாக இருக்கும், நம்பரே இல்லாமலும் வரும். சுத்தமாக்கிய பழைய ஜெட்டைத்தான் நான் போடுவேன்.

திரும்பப் பூட்டும்போது களவுக் காற்றைக் கவனியுங்கள். காபரேட்டரைப் பிடிக்கும் இரண்டு நட்டையும் "இறுக்கமா இருக்கட்டும்" என்று நெடுங்காலம் பலபேர் இறுக்கி, அதன் முகத் தகடு வளைந்திருக்கலாம். ஒரு இரும்பு அடிமட்டத்தை அந்த முகத்தில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் காற்றும் அதே வழியால் புகும். கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய நீர் உப்புத்தாள் விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தலாம். ரப்பர் வளையத்தைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள், இரண்டு நட்டையும் மாறிமாறி, அளவாக இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கட்டிக் கிறீஸ் தடவிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே கசிவு உண்டு. சிலர் பெற்றோல் தெளித்துச் சோதிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீ விளையாட்டு.

கலவையைச் சரிசெய்வது கடைசி வேலை. சூடேறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும், எங்கள் கிழக்கு வெக்கையில் அது சூடேற அதிக நேரம் ஆகாது. கலவை ஸ்குறூ ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். எயார் பில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பப் பெற்றோல் குறையும். இது தெரியாமல் திருப்பினால் எதிர்த் திசையில் போய்க்கொண்டே இருப்பீர்கள். எழுதி வைத்த சுற்றிலிருந்து தொடங்கி, எஞ்சின் தடுமாறும்வரை உள்ளே, பிறகு தடுமாறும்வரை வெளியே என்று பார்த்து, நடுவில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் ஸ்குறூவைக் குறையுங்கள். எயார் பில்டர் பூட்டியபடிதான் இதைச் செய்ய வேண்டும். பில்டரைக் கழற்றி வைத்துச் சரிசெய்த கலவை, பூட்டியதும் மாறிவிடும். உங்கள் பில்டரின் பஞ்சும் இத்தனை காலத்தில் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும், அதை அப்படியே விட்டால் அந்தத் தூள் நேரே ஜெட்டுக்குப் போகும்.

95 ஒக்டேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒக்டேன் என்பது பெற்றோலின் சுத்தமோ பலமோ அல்ல, எஞ்சினுக்குள் அழுத்தும்போது நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறன். உங்கள் வண்டிக்கு 92 போதும். 95 ஊற்றினால் அடைத்த ஜெட் திறக்காது, மேலதிகக் காசுதான் போகும். அந்தக் காசுக்கு ஒரு காபரேட்டர் கிளீனர் டின்னும் ஒரு ரப்பர் வளையமும் வாங்குங்கள்.

கராஜ்காரரோடு மனஸ்தாபம் வேண்டாம். புதியதைப் போடச் சொன்னது அவர் நேரத்தை மிச்சம் பிடிக்கும் யோசனை, களவல்ல. ஆனால் கழற்றிய பழைய காபரேட்டரை அங்கேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் நமக்குண்டு, அதைச் செய்யாதீர்கள். ஸ்லைட் தேய்ந்து உள்ளே ஆடினாலோ, உடல் வெடித்தாலோ ஒழிய, ஹொண்டாவோடு வந்த காபரேட்டர் சுத்தமாக்கினால் எழும்பும்.

இவ்வளவும் செய்தும் ஐட்லிங்கில் நிற்காவிட்டால், பிளக்குகளை மறுபடி கழற்றி இட வல நிறத்தையும், வால்வு இடைவெளி அளந்திருந்தால் அந்த அளவுகளையும் எழுதி அனுப்புங்கள்.